தஞ்சைக்கு இன்னொரு கோபுரம்!

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று பிள்ளைகளைச் சீண்டி அழவைப்பது நம் வீடுகளில் பழைய வேடிக்கை. பொன் கொடுத்து வாங்கவில்லை, நெல் கொடுத்தும் வாங்கவில்லை, தவிட்டைக் கொடுத்து வாங்கினோம் என்றால் பிள்ளையின் முகம் சுருங்கிவிடுகிறது. தவிடு மதிப்பற்றது என்பது நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரிந்த செய்தி!

குழந்தை அப்படி நினைக்கலாம். குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைவிக்கிற தஞ்சைத் தரணியின் பாட்டாளி அப்படி நினைக்கலாமா? அவனுக்காகப் பேசுகிற நாம் நினைக்கலாமா? கூடாது என்பதைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறோம்.

ரேஷன் கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பாருங்கள். நடவு நட்ட கை, கதிர் அறுத்த கை, ஆலையில் மூட்டை தூக்கிய கை, எல்லாம் அங்கே பையோடு நிற்கின்றன. எதற்காக? குடும்ப அட்டைக்கு ஒரு லிட்டர், 25 ரூபாய் விலையில் கிடைக்கிற பாமாயிலுக்காக! அந்தத் திட்டத்தை நாம் குறை கூறவில்லை. ஏழை வீட்டு அடுப்பில் கடுகு வெடிக்கிற ஓசை கேட்பதே அதனால்தான். ஆனால் அந்தப் பாமாயில் எங்கிருந்து வருகிறது? மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலேறி வருகிறது. இந்த நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. உலகச் சந்தையில் ஒருவன் தும்மினால் நம் வீட்டு வாணலி குளிர்ந்துபோகிறது.

அதே நேரத்தில், அந்த ரேஷன் கடைக்கு அரிசி அனுப்பிய ஆலையின் பின்கட்டில், சாக்கு சாக்காக அடுக்கிக் கிடக்கிறதே தவிடு, அதற்குள்ளே எண்ணெய் இருக்கிறது! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவன் கதையைக் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையின் நாயகர்கள் நாமேதான்!

கணக்குப் பார்ப்போம்

வெறும் வாய்ப்பந்தல் போடுவது நம் வழக்கமல்ல. கணக்கோடு பேசுவோம்.

100 கிலோ நெல்லை நல்ல ஆலையில் அரைத்தால், ஏறத்தாழ 20 கிலோ உமியாகப் போகிறது. 65 கிலோவுக்கு மேல் அரிசியாகிறது. 7 அல்லது 8 கிலோ தவிடு விழுகிறது. பச்சரிசித் தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய். புழுங்கலரிசித் தவிட்டில் அதைவிடக் கூடுதல். 20க்கு மேலும் போகும்.

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அரசு கொள்முதல் செய்த நெல் ஆண்டுக்கு 30 இலட்சம் டன்னைத் தாண்டியிருக்கிறது. அதில் பெரும்பங்கு தந்தது நம் காவிரிப் படுகை. எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். 10 இலட்சம் டன்னை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் 70,000 டன் தவிடு. அந்தத் தவிட்டில் 12,000 டன்னுக்கு மேல் எண்ணெய். சுத்திகரிப்பில் போகிற கழிவைத் தாராளமாகத் தள்ளிவிட்டாலும், ஏறத்தாழ ஒரு கோடி லிட்டர் பாக்கெட்! ரேஷன் கடையில் நிற்கிற ஒரு கோடிக் கைகளுக்கு ஆளுக்கொரு பாக்கெட்!

நாட்டில் யாருமே தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கவில்லையா என்றால், எடுக்கிறார்கள். உலகத்திலேயே தவிட்டெண்ணெய் மிகுதியாக உற்பத்தியாவது இந்தியாவில்தான். ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் டன். நகரத்துக் கடைகளில் இதயத்துக்கு நல்லது என்ற விளம்பரத்தோடு பளபளக்கும் புட்டியில் விற்கிறார்கள். நாம் கேட்பது அது நடக்கிறதா என்பதல்ல. நெல்லை விளைவித்தவனுக்கும், அவித்தவனுக்கும், அரைத்தவனுக்கும் அதில் என்ன பங்கு என்பதுதான் நம் கேள்வி.

தவிடு காத்திருக்காது

"தவிடு எங்கே போனால் என்ன? எண்ணெய் எடுக்கிற ஊருக்கு லாரியில் போகட்டுமே" என்று சிலர் சொல்லக்கூடும். இங்கேதான் ரசாயனம் நம் பக்கம் நின்று வாதாடுகிறது.

அரிசியைத் தீட்டித் தவிடு உதிர்ந்த அந்த நிமிடத்திலிருந்து, தவிட்டிலேயே இருக்கிற ஒரு நொதி அதன் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. எண்ணெய் உடைந்து அமிலமாகிறது. மணிக்கணக்கில் அமிலம் ஏறுகிறது. நாள் கடந்தால் காறல் அடிக்கிறது. அப்புறம் அந்த எண்ணெய் வாணலிக்கு ஆகாது, சோப்புக் கொப்பரைக்குத்தான் லாயக்கு. இந்த நாட்டில் நெடுங்காலம் தவிட்டெண்ணெய் சோப்புக்கே போனதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒரு வியப்பைக் கேளுங்கள். அந்த நொதி சூட்டுக்கு அஞ்சும். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, அண்டாவில் அவித்து, களத்தில் காயவைத்து அரைக்கிறார்களே நம் புழுங்கலரிசிக்காரர்கள், அந்த ஆவியில் நொதி செத்துவிடுகிறது! விஞ்ஞானிகள் தவிட்டை நிலைப்படுத்துதல் என்று பெயர் வைத்து ஆராய்ந்ததில் பாதி வேலையை, அந்தப் பெயரையே கேட்டிராத நம் ஆலைத் தொழிலாளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நீராவியில் வெந்துகொண்டு, தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறான். புழுங்கல் தவிடு சற்றுப் பொறுக்கும். எனினும் அதற்கும் ஈரம் பகை, நாட்கணக்கில் தாமதம் பகை.

ஆகவே, எண்ணெய் எடுக்கும் ஆலை நெல் அரைக்கும் ஆலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நாம் சொல்வது ஊர்ப்பற்று மட்டுமல்ல. தவிட்டின் குணம் அப்படிச் சொல்கிறது!

இன்னொரு தடையும் இருந்தது. பழைய ஹல்லர் யந்திரம் உமியையும் தவிட்டையும் ஒன்றாக நொறுக்கிக் கொட்டும். அந்த உமித்தவிட்டில் எண்ணெய் எடுப்பது மணலில் நெய் தேடுவது போல. உமியை முதலில் நீக்கி, பிறகு தவிட்டைத் தனியே தீட்டியெடுக்கும் நவீன ஆலை வந்த பிறகே வழி திறந்தது. 1960ஐ ஒட்டி நாட்டிலேயே முதன்முதலாகத் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே திருவாரூரில் கூட்டுறவுச் சம்மேளனத்தின் நவீன அரிசி ஆலை எழுந்தது. அந்த ஆலையில் 1967இல் ஒரு சின்ன ஆய்வுக்கூடமாகப் பிறந்ததுதான் நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையம். அது வளர்ந்து, தஞ்சைக்கு இடம் பெயர்ந்து, இன்று உணவுத் தொழில்நுட்பத்தில் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக நிற்கிறது. கூட்டுறவு ஆலையின் ஒரு மூலையில் முளைத்த விதை அது என்பதை நம் தோழர்கள் மறக்கலாகாது!

அடுப்புக்கட்டி மூன்று

"அரிசி ஆழாக்கானாலும் அடுப்புக்கட்டி மூன்று வேண்டும்" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். தவிட்டெண்ணெய்க்கும் அப்படியே. மூன்று வேலைகள் உண்டு. கரைத்தெடுப்பது ஒன்று. ஆவி கொண்டு ஓட்டுவது இரண்டு. தப்பியோடுவதைப் பிடிப்பது மூன்று. ரசாயனப் பொறியியல் படிக்கும் மாணவன் ஆண்டுக்கணக்கில் படிக்கிற பாடம் இது. ஆனால் ஆலைத் தொழிலாளிக்குப் புரியாத எதுவும் இதில் கிடையாது.

முதல் வேலையைப் பார்ப்போம். எள்ளைச் செக்கில் ஆட்டுவது போலத் தவிட்டை ஆட்டி எண்ணெய் வடிக்க முடியாது. எண்ணெய் குறைவு, அதைத் தவிடே பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே ஹெக்சேன் என்ற திரவத்தைத் தவிட்டின் மேல் ஓடவிடுகிறார்கள். பெட்ரோலின் உறவுக்காரத் திரவம் அது. எண்ணெயை மட்டும் தன்னோடு கரைத்துக்கொண்டு கீழே வடிகிறது. தவிடு மாவாக இருந்தால் அடைத்துக்கொள்ளும் என்பதால், முன்னதாக ஆவி காட்டிச் சிறு சிறு உருண்டையாக்கிவிடுகிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காவிரிப் படுகையில் பிறந்தவர்கள் அதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்! நம் ஆற்றில் புதுநீர் முதலில் தலைமடைக்குப் போகிறது. அங்கே நிறைந்து, அங்கே மிஞ்சி, கலங்கிக் களைத்துக் கடைசியில்தான் கடைமடையை எட்டுகிறது. சில ஆண்டுகளில் எட்டுவதே இல்லை. எண்ணெய் ஆலையில் முறை தலைகீழ். எண்ணெயெல்லாம் இழந்து வெளியேறப் போகிற, ஏறக்குறைய வறண்டுபோன கடைசித் தவிட்டுக்குத்தான் சுத்தமான புதுத் திரவம் முதலில் பாய்கிறது. பிறகு அதே திரவம் படிப்படியாக எதிர்த்திசையில் ஏறி, எண்ணெய் நிறைந்த புதுத் தவிட்டிடம் வந்து சேர்கிறது. வறண்டவனுக்கு முதல் நீர். நிறைந்தவனுக்குக் கடைசி நீர்! இப்படிச் செய்தால்தான் குறைந்த திரவத்தில் நிறைந்த எண்ணெய் கிடைக்கிறது. எதிரோட்ட முறை என்று அதற்குப் பெயர். யந்திரத்துக்குத் தெரிந்த இந்த நீதி, மனிதர்கள் நடத்துகிற பாசனத்துக்கு எப்போது தெரியுமோ!

இரண்டாவது வேலை, எண்ணெயோடு கலந்த ஹெக்சேனை ஓட்டுவது. 70 டிகிரிக்குள்ளேயே ஹெக்சேன் கொதித்துவிடும். ஆகவே கலவையைச் சூடாக்கினால் பெரும்பங்கு ஆவியாகப் போய்விடுகிறது. ஆனால் கடைசிச் சொட்டுகள் இருக்கின்றனவே, அவை எண்ணெயை விட்டுப் போக மறுக்கும் விடாக்கண்டர்கள். அவற்றைக் கிளப்ப உயரமான ஒரு கலத்தில் எண்ணெயை மேலிருந்து கீழே வழியவிட்டு, கீழிருந்து நீராவியை மேலே ஏற்றுகிறார்கள். ஏறுகிற நீராவி, இறங்குகிற எண்ணெயிலிருந்து ஹெக்சேனைப் பறித்துக்கொண்டு போகிறது. இங்கும் எதிரோட்டந்தான். பிறகு அந்த ஆவியைக் குளிரவைத்தால், தண்ணீர் அடியிலும் ஹெக்சேன் மேலேயும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். மேலே நிற்பதை எடுத்து மீண்டும் தவிட்டின் மேல் விடலாம். எண்ணெய் எடுத்த தவிட்டுக்கும் இதே போல ஆவி வைத்து, அதில் ஒட்டியிருக்கும் ஹெக்சேனை மீட்க வேண்டும்.

சுத்திகரித்த எண்ணெயில் பத்து இலட்சம் பங்கில் 5 பங்குக்கு மேல் ஹெக்சேன் மிஞ்சக் கூடாது என்பது நம் நாட்டு உணவு விதி. அந்த 5 பங்கைக் காப்பது இந்த இரண்டாவது கலத்தின் வேலை. நம் குழந்தைகளின் வயிறு அதை நம்பித்தான் இருக்கிறது.

மூன்றாவது கோபுரம்

எண்ணெய் கிடைத்துவிட்டது, திரவமும் திரும்பிவிட்டது, அப்புறம் என்ன என்று கேட்கலாம். அவசரக்கார முதலாளியும் அங்கேதான் நிற்பார். ஆனால் அடுப்புக்கட்டி இரண்டோடு நின்றால் பானை கவிழும்!

தவிட்டோடு உள்ளே நுழைந்த காற்று எப்படியும் வெளியே போயாக வேண்டும். போகும்போது சும்மா போவதில்லை. ஹெக்சேன் ஆவியைத் தோளில் சுமந்துகொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவி காற்றைவிடச் சுமார் மூன்று மடங்கு கனமானது. மேலே எழும்பிப் பறந்துபோகாது, தரையோடு தவழும், சாக்கடைக்குள் இறங்கும், பள்ளத்தில் பதுங்கும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றே தாண்டினால் போதும், ஒரு பீடி நெருப்பு, ஒரு மின்பொறி, இரும்பில் இரும்பு உரசுகிற ஒரு தீப்பொறி, எதுவானாலும் அது எமனுக்கு அனுப்பிய அழைப்பு!

தீ மட்டுமா? நாள்தோறும் அதைச் சுவாசிக்கிறவனின் நரம்பை அது மெல்ல மெல்லத் தின்கிறது. முதலில் கால் விரல் மரத்துப்போகும், பிறகு கை, பிறகு நடை தளரும். 1960களில் ஜப்பானில் செருப்புத் தைத்த ஏழைத் தொழிலாளிகள், பசையில் கலந்திருந்த ஹெக்சேனால் இப்படித்தான் கைகால் தளர்ந்தார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து கூலிக்குச் செருப்பு ஒட்டியவர்கள் அவர்கள்.

இந்த ஆவியைப் பிடிக்கத்தான் மூன்றாவது கோபுரம். கோலி சோடாவைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்திருந்து உடைத்தால் ஒழுங்காக இருக்கிறது. வெயிலில் கிடந்ததை உடைத்தால் சீறிக்கொண்டு பொங்குகிறது. குளிர்ந்த திரவம் வாயுவைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும், சூடேறினால் கக்கிவிடும். அவ்வளவுதான் சூத்திரம்! கோபுரத்தின் உச்சியிலிருந்து குளிர்ந்த கனிம எண்ணெயை வழியவிடுகிறார்கள். அடியிலிருந்து அந்தக் கள்ளக் காற்றை ஏற்றுகிறார்கள். எண்ணெய் ஹெக்சேனை உறிஞ்சிக்கொள்ள, காற்று மட்டும் உச்சியில் வெளியேறுகிறது. பிறகு அந்த எண்ணெயைச் சூடாக்கி ஆவி வைத்தால், உறிஞ்சியதைக் கக்குகிறது. ஹெக்சேன் ஆலைக்கு, எண்ணெய் குளிர்ந்து மீண்டும் கோபுர உச்சிக்கு!

இந்தக் கோபுரத்தின் வரலாற்றையும் தொழிலாளித் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் உப்பிலிருந்து சோடா காய்ச்சிய ஆலைகள், அமில வாயுவைப் புகைபோக்கி வழியே ஊரின் மேல் விட்டன. பயிர் கருகியது, மரம் பட்டுப்போனது, வேலியின் இரும்பு அரித்தது. 1836இல் வில்லியம் கோசேஜ் என்பவர், பாழடைந்த காற்றாலைக் கட்டடம் ஒன்றில் முட்செடியையும் சுள்ளியையும் நிரப்பி, மேலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டு, கீழிருந்து வாயுவை ஏற்றிப் பார்த்தார். தண்ணீர் வாயுவை விழுங்கிவிட்டது! வழி தெரிந்துவிட்டது. ஆலைகளெல்லாம் உடனே கோபுரம் கட்டினவா? இல்லை. 27 ஆண்டுகள் கழித்து, 1863இல், நூற்றுக்கு 95 பங்கு வாயுவைப் பிடித்தே தீர வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டு, மேற்பார்க்க அதிகாரிகளையும் அமர்த்திய பிறகே எல்லா ஆலைகளிலும் கோபுரம் எழுந்தது. முன்பு ஊரைக் கெடுத்த அந்த அமிலத்தைப் பிடித்துச் சலவைத்தூள் செய்து காசாக்கவும் முதலாளிகள் பிறகு கற்றுக்கொண்டார்கள்!

அந்த மேற்பார்வை அதிகாரிகளில் ஒருவராக இருந்த ஜார்ஜ் டேவிஸ், ஆலை ஆலையாக ஏறி இறங்கிக் கண்டதைத் தொகுத்து, 1887இல் மான்செஸ்டரில் சொற்பொழிவுகள் செய்தார். ரசாயனப் பொறியியல் என்ற தனித்துறைக்கு அவை அடித்தளம் என்கிறார்கள். கருகிய பயிருக்காகப் போட்ட சட்டத்தின் மடியில் வளர்ந்த கல்வி இது! விவசாயியின் கண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு.

கோபுரம் இருந்தும் பயனில்லாமல் போன கதையும் நம் நாட்டிலேயே நடந்தது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு, போபால். அந்த ஆலையிலும் நச்சு வாயுவைக் காரநீரில் உறிஞ்சிக்கொள்ளும் கோபுரம் நின்றது. ஆனால் அன்றிரவு அது இயங்கும் நிலையில் வைக்கப்படவில்லை. இயங்கியிருந்தாலும் அவ்வளவு வாயுவைத் தாங்கும் அளவில் அது கட்டப்படவில்லை. ஆயிரக்கணக்கான ஏழைகள் படுக்கையிலிருந்து எழாமலே போனார்கள். இன்னும் பல ஆயிரம் பேர் வாழ்நாளெல்லாம் இருமினார்கள்.

கோபுரம் கட்டினால் மட்டும் போதாது. அது ஓட வேண்டும்! ஓடுகிறதா என்று பார்க்கும் கண் ஆலைக்குள்ளேயே இருக்க வேண்டும்!

ஜப்பான் தந்த எச்சரிக்கை

எங்கோ நடந்த வேறு தொழில்களின் கதை இது என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். தவிட்டெண்ணெயிலேயே ஒரு கதை இருக்கிறது.

1968. மேற்கு ஜப்பானில் கியூஷு தீவு. தவிட்டெண்ணெயின் வாடையைப் போக்க, அதைச் சூடாக்கி ஆவி வைக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதைச் சூடாக்கும் குழாய்க்குள் பிசிபி என்ற நச்சுத் திரவம் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் ஓட்டை விழுந்தது. நஞ்சு எண்ணெயில் கலந்தது. முதலில், அந்த ஆலையின் துணைப்பொருளைத் தீவனமாகத் தின்ற கோழிகள் செத்தன, ஒன்றிரண்டல்ல, இலட்சக்கணக்கில்! மாதங்கள் ஓடின. எண்ணெயை யாரும் சோதிக்கவில்லை. பிறகு மனிதர்களுக்கு வந்தது. தோல் முழுவதும் கொப்புளம், கறுத்த நகம், கண்ணில் பீளை. கருவில் இருந்த குழந்தையும் தப்பவில்லை. பாதிக்கப்பட்டோம் என்று முன்வந்தவர்கள் சுமார் 14,000 பேர். 11 ஆண்டு கழித்து, 1979இல், தைவானில் அதே தவிட்டெண்ணெயில், அதே நஞ்சால், அதே கொடுமை மறுபடியும் நடந்தது!

தவிட்டெண்ணெயின் குற்றமா அது? இல்லை. குழாயைச் சோதிக்காதவர்களின் குற்றம். கோழி செத்த அன்று கேள்வி கேட்காதவர்களின் குற்றம். நாம் எண்ணெய் ஆலை வேண்டும் என்று கேட்கும் அதே மூச்சில் கோபுரமும் சோதனையும் வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம் இதுவே.

மாட்டுக்கு என்ன பதில்?

நேர்மையான ஒரு மறுப்பையும் நாம் சந்தித்தாக வேண்டும். "தவிட்டில் எண்ணெய் எடுத்துவிட்டால் என் மாடு எதைத் தின்னும்?" என்று ஒரு மாடு வைத்துப் பால் விற்றுப் பிழைக்கிற நம் கிராமத்து அம்மா கேட்கிறாள். நியாயமான கேள்வி!

எண்ணெய் எடுத்த பிறகும் தவிட்டில் நூற்றுக்கு 80 பங்கு மிஞ்சுகிறது. கொழுப்பு போய்விடும், புரதம் போகாது. காறல் ஏறாததால் நாள்பட வைத்திருக்கலாம். மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுத்தால் மாட்டுக்கு ஆகும். ஆனால் அந்த மிச்சம் அவள் வாங்கக்கூடிய விலையில் அவள் ஊரிலேயே கிடைக்க வேண்டும். அது கப்பலேறிவிட்டால் அவள் என்ன செய்வாள்? தீவன விலை ஏறி, பால் விலையும் ஏறியபோது, 2023 ஜூலையில் ஒன்றிய அரசே எண்ணெய் எடுத்த தவிட்டின் ஏற்றுமதிக்குத் தடை போட நேர்ந்தது. அதைப் பல முறை நீட்டிக்கவும் நேர்ந்தது. ஆகவே எண்ணெய் ஆலையோடு தீவனக் கிடங்கும் சேர்ந்து வர வேண்டும். அம்மாவின் மாடு பட்டினி கிடக்க நம் வாணலியில் எண்ணெய் காய்வது சமதர்மமல்ல!

"டெல்டாவில் ஆலையே கூடாது என்று சட்டம் இருக்கிறதே" என்பாரும் உண்டு. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய்க் கிணற்றையும், உருக்காலையையும், தோல் பதனிடுவதையும், அவை போன்றவற்றையும் தடுக்கிறது. அந்தத் தடை வேண்டும், இன்னும் இறுக வேண்டும் என்பதே நம் நிலை. ஆனால் மண்ணைத் துளைத்து எடுக்கும் எண்ணெய் வேறு; நெல்லிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு. முன்னது வயலை அழித்து வருவது. பின்னது வயல் இருந்தால்தான் வருவது. வயலைக் காக்கும் சட்டத்துக்கு இது பகையல்ல.

நாம் கேட்பது

நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் பிறந்தது. கொள்முதல் செய்த நெல்லைத் தன் நவீன ஆலைகளிலும், தனியார் அரவை முகவர்களிடமும் கொடுத்து அரைக்கிறது. தனியாரிடம் போன நெல்லின் தவிடு பொதுவாக ஆலைக்காரருக்கே தங்கிவிடுகிறது. கழகத்தின் தவிடோ ஏலத்தில் போகிறது. மக்கள் பணத்தில் வாங்கிய நெல்லின் தவிடு மக்களுக்கு எண்ணெயாகத் திரும்பி வர வழி காண வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை.

படுகையில் அரவை மிகுந்த இடம் பார்த்து, அரசுத் துறையிலோ கூட்டுறவிலோ எண்ணெய் ஆலை அமையட்டும். எண்ணெய் ரேஷன் கடைக்கும், மிச்சத் தவிடு பால் கூட்டுறவுக்கும் போகட்டும். மூன்றாவது கோபுரமும், ஆவி கசிந்தால் அலறும் கருவியும் இல்லாமல் எந்தக் கரைப்பான் ஆலைக்கும், அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், ஒரு நாளும் உரிமம் தரக்கூடாது.

போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு புது அத்தியாயம் சேர்த்தார்கள். ஆபத்தான தொழில்களின் பட்டியலில் தாவர எண்ணெய் எடுக்கும் தொழிலும் இருந்தது. தொழிலாளிக்கும் இடமுள்ள பாதுகாப்புக் குழு, மருத்துவப் பரிசோதனை, ஆபத்து நெருங்குகிறது என்று எச்சரிக்கும் உரிமை, எல்லாம் அதில் எழுதப்பட்டன. அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் வைக்கவென்று 2020இல் புதிய தொகுப்பை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறலாம். ஆயிரக்கணக்கான உயிரைக் கொடுத்து வாங்கிய அந்த உரிமையில் ஒரு எழுத்துக்கூடக் குறைய நாம் சம்மதிக்க முடியாது!

இந்தக் கோபுரங்களை ஓட்டப் போவது யார்? 1944 முதல் சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி ரசாயனப் பொறியாளர்களை உருவாக்கி வருகிறது. தஞ்சையிலேயே உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நாற்று நட்ட கையின் பேரன் அங்கே படித்து, தன் ஊர்த் தவிட்டில் எண்ணெய் எடுக்கும் ஆலையைத் தானே நடத்தும் நாள் வர வேண்டும்.

தோழர்களுக்கும் ஒரு சொல். கொடி கட்டுவதும் கூட்டம் போடுவதும் நம் வேலைதான், அத்தோடு முடியவில்லை. உங்கள் ஊர் அரிசி ஆலைக்குப் போங்கள். இங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு தவிடு விழுகிறது, யார் வாங்குகிறார்கள், எங்கே போகிறது, என்ன விலை என்று கேளுங்கள். கரைப்பான் ஆலையில் வேலை செய்கிற தோழர் இருந்தால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மூன்றாவது கோபுரம் நேற்று ஓடியதா?" விடை தெரியாது என்றால், தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்தில் அதை எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

தஞ்சைக்குக் கோபுரம் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முன் மன்னன் கட்டிய கோபுரத்தைப் பார்க்க உலகம் வருகிறது. கல் சுமந்தவர்கள் அதில் பெயர் எழாமலே போனார்கள். இனி எழ வேண்டிய கோபுரம் உயரத்தில் சிறியது; யாரும் அதைப் பார்க்க வரப்போவதில்லை. ஆனால் அது ஓடுகிற வரையில், அதன் அடியில் வேலை செய்கிறவன் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்புவான். அவன் வீட்டு வாணலியில் அவன் ஊர் எண்ணெய் காயும்.

அன்றைக்கு, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சீண்டினால், நம் குழந்தை அழாது, சிரிக்கும்!